பைக் மைலேஜும் பாப்பா வெயிட்டும்

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் பைக் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?

'நாற்பத்தெட்டு சார். ஹைவேயில் போனா ஐம்பத்திரண்டு. போன சர்வீஸுக்கு அப்புறம் கொஞ்சம் டவுன்' என்று மூச்சு விடாமல் சொல்வீர்கள். தெரியும். இன்றைக்கு சவரன் என்ன விலை? அதுவும் நாக்கு நுனியில் இருக்கும். பால்காரர் பாலில் எத்தனை பங்கு தண்ணீர் சேர்க்கிறார் என்பதற்குக்கூட உங்களிடம் ஒரு ரகசியக் கணக்கு உண்டு.

சரி, வீட்டில் ஒரு வயசுக் குழந்தை தவழ்கிறதே, அது இந்த மாசம் என்ன வெயிட்? போன மாசம் என்ன வெயிட்?

உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, ''ஏய்... பாப்பா எவ்ளோ வெயிட்டு?'' என்று குரல் கொடுப்பீர்கள். உள்ளேயிருந்து பதில் வரும்: ''பொறக்கும்போது ரெண்டு எண்ணூறு!''

நான் பார்த்த வரையில் முக்கால்வாசி வீடுகளில் பிள்ளையின் எடை என்றால் அது ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்ன அந்த முதல் நாள் எடைதான். அதற்கப்புறம் ஜாதகம் எழுதுகிறோம், காது குத்துகிறோம், மொட்டை போடுகிறோம், மாசத்துக்கு நானூறு போட்டோ எடுக்கிறோம். தராசில் மட்டும் வைப்பதில்லை.

இந்த ஞானம் எனக்குப் பிறந்த இடம் பிள்ளைப்பாக்கம். (பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். நம்புங்கள்.) ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம் இருக்கிற ஊர். ஒரு பெரிய ஏரி. அப்புறம் சிப்காட் தொழிற்பேட்டை. அப்புறம் பஸ், பஸ், பஸ். டவுன் பஸ்ஸைச் சொல்லவில்லை, கம்பெனி பஸ். விடியற்காலையில் ஒரு படையை ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு படையை இறக்கிவிட்டுப் போகும். காரும், கார் கண்ணாடியும், செல்போனுக்குள் இருக்கிற என்னென்னமோவும் இந்தத் திக்கில்தான் தயாராகின்றன. ஊருக்குள் வரிசையாக லைன் வீடுகள். ஒரே காம்பவுண்டில் தமிழ், ஹிந்தி, ஒடியா, அஸ்ஸாமீஸ். நாலு மொழியில் குழந்தை அழும்.

ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். அவர் நைட் ஷிப்டு முடித்து வந்து, காலை பதினொரு மணிக்கு நடுராத்திரித் தூக்கத்தில் இருந்தார். எழுப்புவது பாவம். பொழுது போகாமல் தெருவில் நின்றபோதுதான் அங்கன்வாடி டீச்சரைப் பார்த்தேன். அரசாங்கம் 'அங்கன்வாடி' என்று என்னதான் போர்டு எழுதினாலும் ஊரில் அது இன்னும் 'பால்வாடி'தான். டீச்சர் ஒரு தோளில் பை, மறு கையில் எடை மெஷின் என்று புறப்பட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றதும் ஒரு முறை முறைத்தார்.

''பெட்டிஷன் ஏதாச்சும் போட்டுட்டாங்களா சார்?''

இல்லை, சும்மாதான் என்றேன்.

''சும்மாத்தானே? அப்ப இந்த மெஷினைப் புடிச்சுக்குங்க'' என்று கையில் கொடுத்துவிட்டார். பத்திரிகையாளனை இவ்வளவு சரியாகப் பயன்படுத்திக்கொண்ட முதல் அரசு ஊழியர் இவராகத்தான் இருக்கும். (ஊழியர் என்றால் அவர்களுக்கே சிரிப்பு வரும். தங்களை முழு அரசு ஊழியராக்கக் கேட்டு அவர்கள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.)

முதல் வீட்டில் ஒரு பாட்டி. பாட்டி என்றாலும் ஐம்பது வயசுதான் இருக்கும். மருமகள் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். மடியில் பதினோரு மாதப் பெண் குழந்தை, கையில் ஒரு பிஸ்கட்.

''வாம்மா டீச்சரு. கொயந்த இப்பத்தான் தூங்கி எய்ந்துச்சு.''

குழந்தையை மெஷினில் வைத்தார்கள். ஆறு கிலோ எண்ணூறு. டீச்சர் அட்டையை எடுத்துப் புள்ளி வைத்தார். போன மாசமும் ஆறு எண்ணூறு. அதற்கு முந்தின மாசம் ஆறு எழுநூறு.

''அவங்க அப்பன் மாரி'' என்றார் பாட்டி. ''அவனும் ஒல்லிதான். எங்க வம்சமே ஒல்லி வம்சம்.''

இந்த இடத்தில் நானாயிருந்தால் ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். டீச்சர் சண்டைக்கே போகவில்லை. அட்டையைப் பாட்டியின் பக்கம் திருப்பினார்.

''இருக்கட்டும் பெரிம்மா. ஒல்லி வம்சம்னா கோடு கொஞ்சம் கீயே போவும். ஆனா ஏறிக்கினே போவும். இங்க பாருங்க, ரெண்டு மாசமா ஏறவே இல்ல. படுத்துகினு இருக்குது.''

டாக்டர்கள் நாலு பக்கத்துக்கு எழுதுகிற விஷயம் இதுதான். குழந்தை குண்டா, ஒல்லியா என்பது பெரிய கேள்வி இல்லை. கோடு ஏறுகிறதா? இந்த வயசில் மாதம் 200 கிராமாவது ஏற வேண்டும். நின்றுபோனால், குழந்தை பார்வைக்கு இளைப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அட்டை சொல்லிவிடும். அம்மாவுக்கும் பாட்டிக்கும் தெரியாது. தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியவே தெரியாது. நமக்கு தலை நரைத்ததையே பத்து வருஷம் கழித்துப் பார்க்கிற பள்ளித் தோழன்தானே சொல்கிறான்!

அப்புறம் ஒரு நாடாவை எடுத்துக் குழந்தையின் இடது மேற்கையில் சுற்றினார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று டிராபிக் சிக்னல் போல் ஒரு நாடா. ஆறு மாதம் முதல் ஐந்து வயசு வரைக்கும் எல்லோருக்கும் இதே அளவுதான். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் பச்சை, சந்தோஷம். 11.5-க்குக் கீழே சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. இடையில் மஞ்சள். நம் பாப்பா 12.1. மஞ்சள்.

''நேத்து காலைலேர்ந்து என்னா குடுத்தீங்க?''

பாட்டி யோசித்துச் சொன்னார். காலையில் டீயில் பன் தொட்டு. அப்புறம் பிஸ்கட். மதியம் ரசம் சாதம். சாயங்காலம் ஒரு பாக்கெட் குச்சி சிப்ஸ், அழுததால். ராத்திரி அம்மா வந்ததும் தாய்ப்பால்.

''ரசம் சாதம் எதுல குடுத்தீங்க?''

''கிண்ணத்துலதான்.''

''எந்தக் கிண்ணம்? காட்டுங்க பார்ப்போம்.''

ஷெர்லக் ஹோம்ஸ் தோற்றார் போங்கள். வந்த கிண்ணம் என் உள்ளங்கையில் பாதி இருந்தது. அதில் பாதியைத்தான் குழந்தை சாப்பிட்டதாம், மீதியைப் பூனை. 'ஒரு கிண்ணம் சாப்பிட்டுச்சு' என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் போயிருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும்!

பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். 'பல் முளைக்கட்டும், அப்புறம் சோறு', 'பருப்பு மாந்தம்', 'முட்டை சூடு', 'வாழைப்பழம் சளி' என்று அவருக்கு வந்து சேர்ந்த சட்டப் புத்தகம் அப்படி. அந்தச் சட்டப்படி பார்த்தால் குழந்தைக்கு ஆகாத பொருள் போக மிச்சம் இருப்பது ரசமும் வெந்நீரும்தான்.

டீச்சர் கேட்டது இரண்டே இரண்டு. ரசத்துக்குப் பதில் பருப்பைக் குழைய மசித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட் வேண்டாம். அவ்வளவுதான். முட்டையைப் பற்றி அடுத்த மாசம் பேசிக்கொள்ளலாம் என்று பையில் வைத்துக்கொண்டுவிட்டார். பாட்டி வீட்டு அடுப்பிலேயே இருந்த சாம்பார்ப் பருப்பைக் கொஞ்சம் எடுத்து, சோற்றோடு பிசைந்து, தானே ஊட்டினார். முதல் வாய், துப்பியது. இரண்டாவது வாய், அதையும் துப்பியது, என் சட்டையில்.

''பாத்தியா, புடிக்கல'' என்றார் பாட்டி, ஜெயித்துவிட்ட முகத்தோடு.

''புடிக்கலன்னு இல்ல பெரிம்மா. இதுவரைக்கும் தண்ணியா முழுங்கின நாக்கு, கெட்டியா வந்தா வெளிய தள்ளும். மூணாவது வாய் பாருங்க.''

மூன்றாவது வாயும் வெளியே வந்தது. ஏழாவதோ எட்டாவதோதான் உள்ளே போனது. டீச்சர் எண்ணவில்லை, நான் எண்ணினேன். முழுசாக இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷம்தான் சார் விஷயமே. சிப்ஸ் பாக்கெட் தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும். பருப்புச் சோற்றுக்கு ஒரு ஆள் வேண்டும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. குழந்தையின் வயிறு, அதன் எடையில் கிலோவுக்கு முப்பது மில்லி வீதம்தான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு 210 மில்லி, ஒரு டம்ளர். ஒன்பது மாதத்திலிருந்து பதினோரு மாதம் வரை, தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து நாளைக்கு 300 கலோரி வர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயசு தாண்டினால் 550. அந்த ஒரு டம்ளர் இடத்தை ரசமும் நீர்க்கஞ்சியும் பிடித்துக்கொண்டால் வயிறு 'ஹவுஸ் புல்', வசூல் ஒன்றும் இல்லை. அதனால்தான் அரைக் கிண்ணம் (கிண்ணம் என்றால் 250 மில்லி பிடிக்கிற கிண்ணம், பூனைக் கிண்ணம் அல்ல), நாளைக்கு மூன்று நாலு வேளை, ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாத பதம் என்கிறார்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மட்டும் 45 கலோரி இருக்கிறது. டீச்சர் சொன்ன அந்த ஒரு ஸ்பூன் சாதாரண ஸ்பூன் இல்லை.

கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து மாவாக்கினார்களே நம் பாட்டிகள், அதற்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் ஒளிந்திருக்கிறது. முளைக்கும்போது தானியத்தில் ஒரு என்சைம் ஊறுகிறது. அது மாவுச்சத்தை உடைத்துவிடும். அதனால் அதிக மாவு போட்டுக் காய்ச்சினாலும் கஞ்சி களியாக இறுகாது. அதே ஒரு டம்ளர் இடத்தில் இரட்டிப்புச் சரக்கை ஏற்றலாம். அங்கன்வாடியில் தருகிற சத்துமாவில் கோதுமை, கடலைமாவு, வெல்லத்தோடு முளைகட்டிய கேழ்வரகும் சேர்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயசு வரை வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார்கள். 'கொடுத்துவிடுகிறார்கள்' வரைக்கும்தான் அரசாங்கத்துக்குத் தெரியும். அப்புறம் அது கொழுக்கட்டையாகி அப்பா வயிற்றுக்குப் போகிறதா, பாப்பா வயிற்றுக்குப் போகிறதா என்று பார்க்க ஒரு ஆள் நேரில் வர வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் நேற்று முளைத்த யோசனை இல்லை. கொஞ்சம் பின்னால் போவோம். 1956-ல் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். 1982 ஜூலை 1-ம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவை ஆரம்பித்து, பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சோறு போட்டார். 1989-ல் கலைஞர் காலத்தில் முட்டை வந்தது. இன்றைக்கு மையத்துக்கு வரும் இரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாரம் மூன்று முட்டை. ஒவ்வொன்றும் பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சின்ன ஓட்டை. தட்டை எடுத்துக்கொண்டு தானே நடந்து வருகிற பிள்ளைக்குத்தான் இதெல்லாம். நடக்கத் தெரியாத பிள்ளை?

உடம்பும் மூளையும் வேகமாக வளர்வது அந்த நடக்கத் தெரியாத காலத்தில்தான். கருவில் தொடங்கி இரண்டு வயசு வரை, ஏறக்குறைய ஆயிரம் நாள். அதில் உயரத்தைக் கோட்டை விட்டால் அப்புறம் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். 1970-களின் ஆரம்பத்தில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது: அதிகமாக வாடுவது கைக்குழந்தைகள், திட்டங்கள் போய்ச் சேருவது அவர்களின் அண்ணன் அக்காக்களுக்கு. வீட்டில் சாப்பாடு இருந்தும் குழந்தைக்குப் போகாத இடங்களும் இருந்தன.

அதன் பலனாக, உலக வங்கிக் கடனோடு 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். பிறகு ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, வட ஆற்காடு என்று ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. இன்றைய பிள்ளைப்பாக்கத்தை அன்று தனக்குள் வைத்திருந்த செங்கல்பட்டு மாவட்டமும் அதில் ஒன்று.

அந்தத் திட்டத்தின் விசேஷம், அது எல்லோருக்கும் சோறு போடவில்லை. கேட்க அநியாயமாக இருக்கிறது இல்லையா? ஆறு மாதம் முதல் மூன்று வயசு வரை எல்லாக் குழந்தையையும் மாதா மாதம் எடை போட்டார்கள். எந்தக் குழந்தையின் கோடு படுத்ததோ அதற்கு மட்டும் சத்து உருண்டை, தொண்ணூறு நாள். கோடு ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். உருண்டை அங்கே மருந்து மாதிரி. நிஜ வைத்தியம் அந்தத் தொண்ணூறு நாளில் அம்மாவோடு நடக்கிற பேச்சு. எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று குழந்தையை ஒளித்துவைத்த வீடுகளில் எல்லாம் நுழைந்து பேச வேண்டியிருந்தது.

பேசுவதற்கு யாரை அனுப்புவது? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். பட்டணத்திலிருந்து பட்டதாரியைக் கொண்டுவந்து இறக்கவில்லை. அதே ஊர்ப் பெண். முடிந்தால் ஏழை வீட்டுப் பெண்ணாகவே, ஆனால் தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கும் பெண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 'உனக்கென்னம்மா, வசதி இருக்கு, சொல்லுவே' என்று யாரும் வாயை அடைக்க முடியாது! மதிப்பிட்டுப் பார்த்தபோது, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்திருந்தது. பல நாட்டு நிபுணர்கள் இந்தத் திட்டத்தைப் பற்றி எழுதினார்கள். நாம்தான் மறந்துவிட்டோம். 1990-களின் கடைசியில் திட்டம் முடிந்து, 1975 அக்டோபர் 2-ம் தேதி நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியிருந்த அங்கன்வாடித் திட்டத்தோடு கலந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் சுமார் 54,000 மையங்கள்.

நம் ஊரில் 1980-ல் செய்த அதே தந்திரம் 1991-ல் வியட்நாமில் உலகப் புகழ் பெற்றது. ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் என்று ஒரு அமெரிக்கத் தம்பதி. 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்புக்காகப் போனார்கள். தான் ஹுவா மாகாணத்துக் கிராமங்களில் பெரும்பாலான பிள்ளைகள் நோஞ்சான். கையில் பணமும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'இதே ஊரில், இதே ஏழை வீட்டில், நன்றாக இருக்கிற பிள்ளை எது? அந்த அம்மா என்ன செய்கிறாள்?' போய்ப் பார்த்தால், அந்த அம்மாக்கள் வயலில் கிடைக்கிற பொடி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் குழந்தைச் சோற்றில் சேர்க்கிறார்கள். மற்றவர்கள் அதெல்லாம் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியவை! இரண்டு வேளைக்குப் பதில் மூன்று நாலு வேளையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஊரே அந்த அம்மாக்களிடம் பாடம் கேட்டது. பிள்ளைகள் தேறினார்கள். 'மாந்தம்' வியட்நாமிலும் இருந்திருக்கிறது பாருங்கள்.

திரும்பவும் பிள்ளைப்பாக்கம். 1980-ன் கொட்டாம்பட்டிக்கும் இன்றைய சிப்காட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நான் போன வீடுகளில் பணப் பஞ்சம் தெரியவில்லை. பைக் இருக்கிறது, பிரிட்ஜ் இருக்கிறது, ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கிறது. ஆனாலும் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று, வயசுக்கேற்ற உயரம் இல்லை. 22 சதவீதம் எடை குறைவு. ஆறு மாதம் முதல் ஐந்து வயசு வரை உள்ளவர்களில் 57.4 சதவீதம் ரத்தசோகை. எல்லாம் ஏழை வீட்டுப் பிள்ளைகள் என்று யாராவது சொன்னால், ரத்தசோகைக் கணக்கை இன்னொரு தரம் படிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சார்!

இங்கே பஞ்சம் நேரத்துக்கு. அம்மா ஷிப்டு பஸ் பிடிக்க இருட்டில் எழுந்து ஓடுகிறாள். பேறுகால விடுப்பு 2017-ல் 26 வாரம் ஆனது. பெரிய விஷயம்தான். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பதும் 26 வாரம். ரொம்பப் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அந்த 26-ல் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். அப்படி எடுத்த பெண்ணுக்கு அப்புறம் மிஞ்சுவது 18 வாரம். நாலு மாதம் சொச்சம். அதனால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கடைசி வாரம் வரை வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இது நிரந்தர வேலைக்காரர் கதை. கான்ட்ராக்டில் போகிற பெண் விடுப்பு கேட்டால், 'போயிட்டு வாம்மா' என்பதற்கு 'வா' இல்லாத அர்த்தமும் உண்டு. இதே தமிழ்நாட்டில் 2021 முதல் அரசுப் பெண் ஊழியருக்கு ஒரு வருஷம் விடுப்பு. கோட்டையில் பிறந்த குழந்தைக்கும் ஒரகடத்தில் பிறந்த குழந்தைக்கும் பசி வெவ்வேறு நேரத்தில் எடுக்கும் போலிருக்கிறது.

ஆகவே பிள்ளை பாட்டியிடம். அல்லது பக்கத்து வீட்டில். அல்லது, ஊரிலிருந்து பாட்டி வராத ஒரு லைன் வீட்டில் பார்த்தேன், ஏழு வயசு அக்காவிடம். ஏழு வயசு அக்கா பருப்பை மசித்து இருபத்தைந்து நிமிஷம் ஊட்டுவாளா? அஞ்சு ரூபாய் பாக்கெட்டைத்தான் பிரிப்பாள்.

அந்த வீட்டு அம்மா பீகார்க்காரர். அன்றைக்கு லீவு. டீச்சரின் ஹிந்தி மூன்று வார்த்தை: 'பச்சா', 'கானா', 'வஜன்'. அந்த அம்மாவின் தமிழும் மூன்று வார்த்தை: 'சாப்பாடு', 'நாளைக்கு', 'காசு இல்லே'. ஆறு வார்த்தையில் முக்கால் மணி நேரம் பேசினார்கள்! அட்டைக்கு மொழி தேவைப்படவில்லை. ஏறுகிற கோட்டைக் காட்டியதும் அந்த அம்மா சிரித்தார். அவர் பையனின் கோடு நன்றாகவே ஏறியிருந்தது. என்ன கொடுக்கிறார் என்று பார்த்தால், கொண்டைக்கடலையை வறுத்து அரைத்த சத்து மாவு. அவர் ஊர்ப் பழக்கம். டீச்சர் அதை ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, ''நம்ம பொட்டுக்கடல மாவு கணக்கா இருக்குது சார்'' என்றார். அடுத்த தாய்மார் கூட்டத்தில் இந்த அம்மாவைச் செய்து காட்டச் சொல்லப் போகிறாராம். ஸ்டெர்னின் தம்பதி பெயரை அவர் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை.

எல்லா டீச்சரும் இப்படியா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இல்லை. போன மாச எடையோடு இருநூறு கிராம் கூட்டி உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் தலையில் ஏற்றியிருக்கிற சுமையையும் பாருங்கள். காலையில் பிள்ளைகளுக்குப் பாடம், மதியம் சாப்பாடு, நடுவில் ரிஜிஸ்டர்கள். 2021-லிருந்து 'போஷன் ட்ராக்கர்' என்றொரு செயலி. அதில் ஒவ்வொரு எடையையும் ஏற்ற வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் அதற்கும் இவர்களைத்தான் பிடிக்கிறார்கள். டீச்சர் எடையைப் போனில் ஏற்ற முயன்றபோது ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கம்பெனிகளில் செல்போன் பாகங்கள் தயாராகிற ஊரில் டவர் கிடைக்கவில்லை. ''இது சுத்துற நேரத்துக்கு இன்னும் ரெண்டு வீடு சுத்திட்டு வந்துடுவேன்'' என்றார்.

மாநில அரசு 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், ஆறு மாதத்துக்குட்பட்ட நோஞ்சான் குழந்தை என்றால் அதன் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால்தான் உணவு, எனவே தாயைக் கவனி என்கிற யோசனை, நல்ல யோசனை. ஆனால் பெட்டகம் யாருக்குப் போக வேண்டும் என்று சொல்வது தராசுதான். தராசைச் சொல்ல வைப்பது இந்த டீச்சர்தான். ஆறு மாதம் வரை தாய்ப்பால், அப்புறம் கெட்டிச் சோறு, மாசம் ஒரு தடவை எடை. இதைச் செய்ய சிப்காட்டில் புது யூனிட் ஒன்றும் திறக்க வேண்டாம். டீச்சருக்கு வீடு வீடாகப் போக நேரம் வேண்டும். அம்மாவுக்கு ஊட்ட நேரம் வேண்டும். அந்த இரண்டு நேரத்துக்கும் யார் பணம் கட்டுவது என்பதில்தான் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கம்பெனியில் நல்ல குழந்தைக் காப்பகம் ஒன்று இருந்து, இடைவேளையில் அம்மா போய்ப் பால் கொடுத்துவிட்டு வர முடிந்தால், பாதிப் பிரச்சினை கேட்டுக்குள்ளேயே தீரும் என்பது என் அபிப்பிராயம். ஒரு காருக்கு எத்தனை தடவை தரப் பரிசோதனை செய்கிறார்கள்!

கடைசியாகப் போன வீடு பூட்டியிருந்தது. வெளியே பூட்டில்லை, உள்பக்கம் தாழ்ப்பாள். நைட் ஷிப்டு. டீச்சர் கதவைத் தட்டவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார்.

''எத்தினி மணிக்கு எய்ந்திருப்பா?''

''நாலு, நாலரை ஆவும் டீச்சர். ஆறு மணிக்குத் திரும்ப பஸ்ஸு.''

''அப்ப அஞ்சு மணிக்கு வரேன்னு சொல்லிடு. கொயந்தைக்கு மூணு மாசமா வெயிட்டே எடுக்கல.''

டீச்சரின் வேலை நேரம் அதற்குள் முடிந்துவிடும். நான் மெஷினைத் திருப்பிக் கொடுத்தேன். ''நீங்க போங்க சார், உங்க ப்ரெண்டு எய்ந்திருப்பாரு'' என்று வாங்கிக்கொண்டு, பக்கத்துச் சந்துக்குள் திரும்பினார்.